விளையும் மீன் குஞ்சிலே தெரியுமா?

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பது நம் முன்னோர் வாக்கு. உழுதுண்டு வாழ்ந்த மக்கள் வயலைப் பார்த்துச் சொன்ன வாக்கு அது. கடலடியிலுள்ள முருகைக்கற் பாறைகளில் அவ்வாக்குச் செல்லாது. ஆங்கு வாழும் மீன்களுட் பல, குஞ்சுப் பருவத்தில் ஓர் உருவமும் வளர்ந்த பருவத்தில் வேறோர் உருவமுங் கொண்டு கற்றோரையும் மயங்க வைப்பன. அத்தகைய குடும்பமொன்றை இவ்வாரம் வாசகர்களுக்கு அறிமுகஞ் செய்ய விரும்புகின்றோம்.

கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்ப்பது நம் இல்லங்கள் பலவற்றிற் காணப்படும் பொழுதுபோக்கு. நன்னீர் மீன்களை வளர்த்துப் பழகிய மாணவர் சிலர், கடல் மீனையும் வீட்டில் வளர்க்கலாமா என்று எம்மை வினவுகின்றனர். வளர்க்கலாம். ஆயின், விரல் நீளங்கூட இல்லாத குஞ்சொன்றைக் காசு கொடுத்து வாங்குமுன், அது எந்த இனம், எவ்வளவு வளரும், எத்தனை ஆண்டு வாழும் என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை தெரிந்திருத்தல் வேண்டும். இதனை விளக்குதற்குச் சத்திரவைத்திய மீனினும் ஏற்ற எடுத்துக்காட்டு இல்லை.

வாலிலே ஒரு கத்தி

இம்மீனின் வாலடியில் இரு பக்கத்தும் ஒவ்வொரு கூரிய முள் உண்டு. மீன் அமைதியாக நீந்தும்போது அம்முள், பேனாக்கத்தியின் அலகுபோல, ஒரு சிறு பள்ளத்துள் மடங்கிக் கிடக்கும். வாலை வளைத்து வீசும்போது அது வெளியே நீளும். பகைமீனின் உடலைக் கிழிக்கவும், பிடிக்க வரும் மனிதனின் கையைக் கீறவும் அதற்கு வலிமையுண்டு. சத்திரவைத்தியரின் கத்தியை அது ஒத்திருத்தலால் ஆங்கிலேயர் இம்மீனுக்கு அவ்வைத்தியரின் பெயரையே இட்டனர். அலங்கார மீன் விற்போர் 'டாங்' என்பர். விஞ்ஞானிகள் இக்குடும்பத்தை 'அக்காந்தூரிடே' என்பர். கிரேக்க மொழியில் 'அக்காந்தா' என்பது முள். 'ஊரா' என்பது வால்.

இக்குடும்பத்தில் எண்பதுக்கு மேற்பட்ட இனங்கள் ஆறு சாதிகளாக வகுக்கப்பட்டுள்ளன. அக்காந்தூரஸ், செபுராசோமா, தெனோகீட்டஸ், பராக்காந்தூரஸ் என்னும் நான்கு சாதிகளுக்கும் பக்கத்துக்கு ஒன்றாக மடங்கும் முள் உண்டு. நாசோ என்னும் சாதிக்கு மடங்காத என்புத் தகடுகள் ஒன்றோ இரண்டோ இருக்கும். பிரயோனூரஸ் என்பதற்கு அத்தகைய தகடுகள் மூன்று முதற் பத்து வரை உள.

இம்மீன்களின் வரலாற்றில் நம் இலங்கைக்கும் இடமுண்டு. நீல உடல், கரிய முகம், வெண்ணிற மார்பு, மஞ்சள் முதுகுச் செட்டை ஆகியவற்றோடு விளங்கும் 'அக்காந்தூரஸ் லியூக்கோஸ்தேர்னன்' என்னும் இனத்தைப் பெனற் என்னும் ஆங்கில அறிஞர் 1833ஆம் ஆண்டில் முதன்முதலாக விவரித்தார். அவர் ஆராய்ந்த மீன் இலங்கைக் கடலினின்றும் கிடைத்தது. வெண்மார்பன் என்பதே அக்கிரேக்கப் பெயரின் பொருள். 1861ஆம் ஆண்டில் குந்தர் என்னும் அறிஞர் வேறோர் இனத்துக்கு, இலங்கையிற் குடியேற்றநாட்டுச் செயலாளராகப் பணிபுரிந்தவரும் இந்நாட்டின் விலங்குகளைப் பற்றி நூல் எழுதியவருமான சேர் எமர்சன் தெனன்ற் அவர்களின் பெயரைச் சூட்டினார்.

கண்ணாடிக் குஞ்சு

பெற்ற மீன் நீலமாயினும் கபிலமாயினும், முட்டையினின்றும் வெளிவருங் குஞ்சுக்கு நிறமே இல்லை. ஆழ்கடலின் மேற்பரப்பில் நுண்ணுயிர்களை உண்டு அது வாரக்கணக்கில் மிதந்து திரியும். கரைநோக்கி வருங் காலத்தில் அது தட்டையாக, வட்டமாக, மறுபக்கம் தெரியும் கண்ணாடித் துண்டு போலக் காட்சியளிக்கும். பழைய அறிஞர்கள் இதனை வேறொரு மீனென்றே கருதி 'அக்குறோனூரஸ்' எனத் தனிச்சாதிப் பெயர் கொடுத்தனர். அது சத்திரவைத்திய மீனின் குஞ்சே என்பது பின்னரே தெளிவாயிற்று. தனிச்சாதி மறைந்தது, ஆயினும் அப்பருவத்தைக் குறிக்க அப்பெயர் இன்றும் வழங்குகின்றது.

மீனியல் அறிஞர் யோன் இராண்டல் அவர்கள் ஹவாய்த் தீவுகளில் 'அக்காந்தூரஸ் திரையோஸ்தேகஸ்' என்னும் வரிமீனை ஆராய்ந்து 1961ஆம் ஆண்டில் விரிவாக எழுதினார். இரவிலே கரையோரப் பாறைக் குட்டைகளை வந்தடையுங் கண்ணாடிக் குஞ்சு, சில நாள்களுள் நிறமும் வரிகளும் பெற்று மீனுருக் கொள்கின்றது. அச்சில நாள்களில் அதன் குடலும் வெகுவாக நீண்டுவிடுகின்றது. கடலில் மிதக்கும் நுண்ணுயிரை உண்ட குஞ்சு, பாறையிற் படரும் பாசியை உண்ணும் மீனாக மாறுதற்கு இயற்கை செய்யும் ஆயத்தம் அது. வீட்டில் இம்மீனை வளர்ப்போர் மறவாதிருக்க வேண்டிய உண்மையும் அதுவே.

மாறுவேடம்

கரை சேர்ந்த பின்னரும் மயக்கந் தீர்வதில்லை. அத்திலாந்திக் சமுத்திரத்தின் வெப்பக் கடல்களில் வாழும் 'அக்காந்தூரஸ் சிரூலியஸ்' வளர்ந்தபின் முழுவதும் நீலமாக இருக்கும். அதன் குஞ்சோ எலுமிச்சம்பழ நிறம். இடைப்பட்ட பருவத்தில் உடல் நீலமாகவும் வால் மஞ்சளாகவும் இருக்கும். ஹவாய்க் கடலிற் பெருகி வாழும் 'செபுராசோமா பிளாவெஸ்சென்ஸ்' வாழ்நாள் முழுவதும் மஞ்சளே. இவ்விரு குஞ்சுகளையும் அடுத்தடுத்து வைத்தால், நிறத்தை மாத்திரம் நோக்குபவர் ஒன்றென்றே கொள்வர்.

இதனினும் வியப்புடையது 'அக்காந்தூரஸ் பைரோபெரஸ்' என்னும் பசிபிக் மீனின் செயல். அதன் குஞ்சு சிறிய கடல் ஏஞ்சல் மீன்களின் வேடம் பூணுகின்றது. மஞ்சள் ஏஞ்சல் வாழுங் கடலில் மஞ்சளாகவும், வேறு நிறத்து ஏஞ்சல் வாழுமிடத்தில் அந்நிறமாகவும் தோன்றும். அந்தமான் கடலில் வாழும் அதன் உறவினமான 'அக்காந்தூரஸ் திரிஸ்திஸ்' என்பதும் அவ்வாறே வேறோர் ஏஞ்சலைப் போல நடிக்கும். ஏஞ்சல் மீனுக்குக் கன்னத்தில் வலிய முள் உண்டு; பாறை இடுக்கில் விரைந்தொளியும் ஆற்றலும் உண்டு. ஆதலாற் பெரிய மீன்கள் அதனைத் துரத்துவதிற் பயன் காண்பதில்லை எனவும், அதன் வேடம் குஞ்சுக்குக் காவலாகின்றது எனவும் ஆராய்ச்சியாளர் விளக்கங் கூறுவர். வளர்ந்து பெரிதானதும் வேடங் கலைந்து கபில நிறம் வந்துவிடும்.

இனங் காணும் வழி

ஆகவே நிறத்தை நம்பலாகாது. உடலமைப்பையே நோக்குதல் வேண்டும். அதற்கு நல்ல வெளிச்சமும், ஒரு கைவில்லையும், சிறிது பொறுமையும் போதும். தெளிவான புகைப்படம் ஒன்று எடுத்துப் பெருப்பித்துப் பார்த்தல் இன்னும் எளிது.

முதலில் வாலடியை நோக்குக. மெல்லிய கீறல் போன்ற பள்ளமும் அதனுள் முள்ளும் இருப்பின் அது சத்திரவைத்திய மீன். அடுத்துக் கன்னத்தை நோக்குக. செவுள் மூடியின் கீழ்ப்பக்கம் பின்னோக்கி நீண்ட முள் இருப்பின் அது ஏஞ்சல். மூன்றாவதாக, முதுகுச் செட்டையின் முற்பகுதியிலுள்ள முட்களை எண்ணுக. செபுராசோமாவுக்கு நான்கு அல்லது ஐந்து. அக்காந்தூரஸ் சாதிக்கு ஆறு முதல் ஒன்பது. மேற்சொன்ன மஞ்சட் குஞ்சுகள் இரண்டையும் பிரித்தறிய இவ்வெண்ணிக்கையே போதும். நீலமாகப் போகும் அத்திலாந்திக் குஞ்சுக்கு முட்கள் ஒன்பது. நான்காவதாக, வாயை நோக்குக. செபுராசோமாவின் முகம் முன்னே நீண்டு கூம்பியிருக்கும். செட்டைகள் பாய்போல உயர்ந்திருக்கும். தெனோகீட்டஸ் மீனுக்குச் சீப்பின் பற்கள் போன்ற மெல்லிய பல வரிசைப் பற்கள் உள. பாறையைக் கடித்துப் பாசியை அறுப்பதற்கன்றி, மேலே படிந்தவற்றை வாரியெடுப்பதற்கே அவை உதவும்.

இச்சோதனையால் வந்த பயன் ஒன்றைக் கூறுவோம். எமது கல்லூரி மாணவர் ஒருவர், ஏஞ்சல் மீனென்று சொல்லி விற்கப்பட்ட நான்கு சென்ரிமீற்றர் நீளமுள்ள மஞ்சட் குஞ்சொன்றை வாங்கித் தொண்ணூறு லீற்றர்த் தொட்டியில் விட்டிருந்தார். படமொன்றை எடுத்துவந்து எம்மிடங் காட்டினார். கன்னத்திலே முள் இல்லை. வாலடியிலே கீறல் இருந்தது. "சேர், இது எவ்வளவு வளரும்?" என்றார். இருபத்தைந்து சென்ரிமீற்றர் வரை வளரும் என்றோம். பிள்ளை ஒன்றும் பேசவில்லை. சேமித்த பணத்தில் வாங்கிய மீன் அது, பெயருங்கூட வைத்தாயிற்று. இரண்டு நாள் கழித்து, பெரிய உவர்நீர்த் தொட்டி வைத்திருக்கும் உறவினர் ஒருவரிடம் அதனை ஒப்படைத்துவிட்டதாக வந்து சொன்னார். இன்று அம்மீன் கபில நிறங் கொண்டுவிட்டது. வாலின் ஓரத்தில் மஞ்சள் விளிம்பு மாத்திரம் எஞ்சியுள்ளது. விடுமுறை தோறும் அவர் சென்று அதனைப் பார்த்து வருகின்றார்.

வீடும் நீரும்

நிற்க. இனம் அறிந்து, வளர்ப்பதென்றே துணிந்தவர் செய்யவேண்டியன யாவை?

இம்மீன்கள் நாள் முழுவதும் நீந்தி மேய்வன. வெண்மார்பன் போன்ற இனத்துக்கு ஆறடி நீளமும் ஐந்நூறு லீற்றர்க் கொள்ளளவும் உடைய தொட்டி வேண்டும். ஐந்நூறு லீற்றர் நீரின் நிறை அரைத் தொன்னுக்கு மேற்படும். ஆதலால் முதலிற் பார்க்கவேண்டியது தொட்டியின் அழகன்று; வீட்டின் நிலத்தினது உறுதியே.

கடல்நீரில் ஒரு கிலோகிராமுக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்புண்டு. கறிக்கு இடும் உப்பைக் கரைத்து இதனை ஆக்க முடியாது. கடல்நீரின் கனியுப்புகள் யாவும் கலந்த தொட்டியுப்பு விற்கப்படுகின்றது. கடலருகே வாழ்வோர் கடல்நீரையே கொணரலாம். ஆயின் ஆற்றுமுகத்திலும் துறைமுகத்திலும் எடுக்கலாகாது. பெருமழைக்குப் பின்னும் எடுக்கலாகாது. நீர் ஆவியாகும்போது உப்பு ஆவியாவதில்லை. ஆதலால் நாடோறுங் குறையும் நீரை நன்னீராலேயே நிரப்பவேண்டும். யாழ்ப்பாணத்து வாசகர்கள் இங்கு ஒன்றைக் கவனிக்க. குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று மிகுந்திருத்தல் ஆய்வுகளிற் கண்ட உண்மை. அந்நீரைத் தொட்டியில் ஊற்றினால் வேண்டாத பாசி பெருகும். நன்றாக வடிகட்டிச் சுத்திகரித்த நீரே தக்கது. வெப்பநிலை 25 முதல் 27 பாகை சதமளவில் நிற்பது நன்று.

புதுத் தொட்டியில் உடனே மீனை விடுதல் கொலைக்கு ஒப்பாகும். மீனின் கழிவினின்றும் அமோனியா உண்டாகும். ஒருவகைப் பற்றீரியா அதனை நைத்திரைற்றாக மாற்றும். மற்றொரு வகை நைத்திரைற்றை நைத்திரேற்றாக மாற்றும். முதலிரண்டும் நஞ்சு. இப்பற்றீரியாக்கள் பாறையிலும் மணலிலும் குடியேறிப் பெருகுதற்கு நான்கு முதல் ஆறு வாரஞ் செல்லும். சோதனைக் குப்பியில் அமோனியாவும் நைத்திரைற்றும் இல்லையென்று கண்ட பின்னரே மீனுக்கு அழைப்பு விடுக்க வேண்டும். அதன்பின் வாரந்தோறும் பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றிவரின் நைத்திரேற்றும் அடங்கும்.

அலை மோதும் பாறைகளில் வாழ்ந்த மீனாதலால் நீரோட்டமும் ஒட்சிசனும் நிறைய வேண்டும். 2022ஆம் ஆண்டின் மின்வெட்டை எவரும் மறந்திரார். பங்குனி இறுதியில் ஒரு நாளிற் பதின்மூன்று மணிநேரம் வரை மின்சாரம் நின்றது. மின்கலத்தில் இயங்குங் காற்றுப் பம்பி ஒன்று கைவசம் இல்லாதவர் உவர்நீர்த் தொட்டி வைத்தலாகாது.

உணவும் நோயும்

புதிதாக வந்த மீனை நான்கு முதல் ஆறு வாரம் தனித்தொட்டியில் வைத்துப் பார்த்தல் இன்றியமையாதது. இக்குடும்பத்து மீன்களை வெண்புள்ளி நோய் எளிதிற் பற்றும். அந்நோய்க் கிருமி சில நாள் மீனின் தோலில் வாழ்ந்து, பின் உதிர்ந்து, மணலிற் கூடு கட்டிப் பெருகி மீண்டும் மீனைத் தேடும். மீனின் மேற் புள்ளி மறைந்தமையால் நோய் நீங்கிற்று என்று எண்ணலாகாது. செப்பு மருந்தைத் தனித்தொட்டியில் மாத்திரம் அளவறிந்து பயன்படுத்தலாம். முருகை, இறால், நத்தை ஆகியன உள்ள தொட்டியில் அது நஞ்சாகும்.

குஞ்சுக்கு உணவு சிறிது சிறிதாகப் பல வேளை வேண்டும். நீண்ட குடல் பாசிக்கென்றே அமைந்தது. உலர்ந்த கடற்பாசித் தாளைக் கவ்வியிற் பிடித்துத் தொட்டியிலே தொங்கவிடலாம். சுத்தமான கடலினின்றும் எடுத்த கஞ்சிப்பாசியையும் பச்சைப் பாசியையும் கழுவிக் கொடுக்கலாம். நறுக்கிய இறால் இடையிடையே கொடுத்தாற் போதும். நம் சமையலறையில் மிகும் சோறும் பாணும் வேண்டவே வேண்டா. வயிறு ஒட்டி, முதுகு மெலிந்த குஞ்சு பசித்த குஞ்சு. வாங்கும்போதே அத்தகையதை விலக்குக. தாவர உணவு குன்றிய மீனுக்குத் தலையிலும் பக்கக் கோட்டிலும் குழிகள் விழுந்து அழகு கெடுவதும் உண்டு.

இக்குடல் பற்றி விஞ்ஞான மாணவர்க்கு ஒரு செய்தி. செங்கடலிலுள்ள கபில நிறச் சத்திரவைத்திய மீனின் குடலில், வெறுங் கண்ணுக்கே தெரியும் ஓருயிர் 1985ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. அரை மில்லிமீற்றருக்கு மேல் நீளும் அது ஒரு பற்றீரியாவே என 1993ஆம் ஆண்டில் நிறுவப்பட்டபோது உலகம் வியந்தது. 'மீனின் விருந்தினன்' என்னும் பொருள்பட 'எப்புலோபிஸ்கியம்' என அதற்குப் பெயரிட்டனர். அக்காலத்தில் அறியப்பட்ட பற்றீரியாக்களுள் அதுவே மிகப் பெரியது.

மற்றும் இரு எச்சரிக்கைகள். இம்மீன் தன் சாயலுடைய வேறு மீனைக் கண்டாற் சீறும். ஆகவே ஒரு தொட்டிக்கு ஒன்றே போதும். அதனையும் மற்ற மீன்களுக்குப் பின்னரே விடுக. இடம் மாற்றும்போது வலையாற் பிடிக்கலாகாது. வால்முள் வலையிற் சிக்கி மீனும் புண்படும், பிடிப்பவர் கையும் புண்படும். அகன்ற பாத்திரத்தில் நீரோடு முகந்தெடுத்தலே முறை.

நாற்பது ஆண்டுப் பொறுப்பு

மீனின் வயதை அதன் செவிக்கல்லிலுள்ள வளையங்களால் அறியலாம். அவுஸ்திரேலியாவின் பெரும் முருகைக்கற் பாறைத்தொடரில் இக்குடும்பத்து மீன்களை இவ்வாறு ஆராய்ந்தோர், முப்பது முதல் நாற்பத்தைந்து ஆண்டு வரை அவை வாழ்தலை 1996ஆம் ஆண்டில் வெளியிட்டனர். முதற் சில ஆண்டுகளில் விரைந்து வளர்ந்து, பின்னர் வளர்ச்சி ஏறக்குறைய நின்றபின் பல பத்தாண்டுகள் வாழ்கின்றன. பத்து வயதுப் பிள்ளை கேட்டதற்காக இன்று வாங்கிக் கொடுக்குங் குஞ்சு, அப்பிள்ளை பல்கலைக்கழகஞ் சென்று, தொழில் பெற்று, மணமுடித்த பின்னரும் உயிரோடிருக்கத் தக்கது. நாயோ பூனையோ அவ்வளவு காலம் வாழ்வதில்லை. பெற்றோர் இதனை எண்ணிப் பார்த்தே விடையளித்தல் வேண்டும்.

வளர்க்க இயலாதபோது கடலில் விட்டுவிடலாமே என்பார் உளர். கூடாது. வேற்றுக் கடல் மீன் நம் கடலுக்குரியதன்று. நம் கடல் மீனாயினும் தொட்டியின் நோயை உடன் கொண்டு செல்லும். கடலிற் சென்று தாமே பிடிக்கலாமே என்பாருக்கும் ஒரு சொல். 2002ஆம் ஆண்டில் ஹிக்கடுவையும் 2003ஆம் ஆண்டில் திருகோணமலைப் புறாத்தீவும் தேசிய பூங்காக்கள் ஆக்கப்பட்டன. அங்கு உயிர்களைப் பிடித்தல் குற்றமாகும். சட்டம் ஒருபுறமிருக்க, பாசியை மேய்ந்து முருகைக்கு இடம் விட்டுக் கொடுப்பவை இம்மீன்களே. 1998ஆம் ஆண்டிலும் 2016ஆம் ஆண்டிலும் கடல் வெப்பமுற்று நம் முருகைகள் வெளிறி மடிந்தன. அத்தகைய பாறை மீளத் தழைக்க மேயும் மீன்கள் வேண்டும்.

மகிழத்தக்க செய்தியும் உண்டு. 2015ஆம் ஆண்டில் ஹவாயிலுள்ள சமுத்திரவியல் நிறுவனத்தார் மஞ்சட் சத்திரவைத்திய மீனை முட்டையினின்றும் வளர்த்தெடுத்தனர். 2016ஆம் ஆண்டில் புளோரிடாப் பல்கலைக்கழகத்தார், 'டோரி' என்னும் திரைப்பட மீனாற் பிள்ளைகளெல்லாம் அறிந்த நீல இனத்தை அவ்வாறே வளர்த்தனர். வாங்குவோர், தொட்டியிற் பிறந்த குஞ்சா, கடலிற் பிடித்ததா என்று கேட்டு வாங்கும் வழக்கம் நம்மவரிடையேயும் வருதல் வேண்டும்.

தொட்டி வைக்க வசதியில்லாத மாணவர் வருந்த வேண்டியதில்லை. கடல் வற்றும் வேளையிற் பாறைக் குட்டையருகே, பெரியவர் ஒருவர் துணையோடு, அரைமணி நேரம் அசையாது அமர்ந்து பார்க்கட்டும். விரலளவு வரிமீன் குஞ்சொன்று பாசியைக் கடித்துக் கடித்துச் செல்வதைக் காணும் பேறு கிட்டக்கூடும். பிடிக்க வேண்டா. கொப்பியில் அதன் வடிவை வரைந்து, வரிகளை எண்ணி, நாளும் நேரமும் குறித்து வைக்கட்டும். அத்தகைய குறிப்புகளையும் படங்களையும் எமக்கு அனுப்பும் மாணவர்களின் பெயர்களை வரும் வாரங்களில் இப்பகுதியில் மகிழ்ச்சியோடு வெளியிடுவோம்.